அத்தை நாவலில் அப்பா பேர்

போன மாதம் தருமபுரியில் ஒரு கல்லூரியில் என் அத்தைக்கு விழா எடுத்தார்கள். படம் திறந்தார்கள். படத்தில் அத்தைக்குப் பெரிய பொட்டு, தலை நிறையப் பூ. அத்தை பூ வைத்து நான் பார்த்ததே இல்லை. தலைவலி வரும் என்பாள். பேச வந்த பேராசிரியர், "மரபை மீறிய முன்னோடிப் பெண் நாவலாசிரியர்" என்றார். சரி, போகட்டும். "குடும்பமே அவருக்குத் தூணாக நின்றது" என்றார். எனக்கு உடம்பு எரிந்தது. "முதல் நாவலின் முடிவில் கதாநாயகி கணவனை மன்னித்து வீடு திரும்பும் காட்சி நம் கண்களைக் கலங்க வைக்கும்" என்றார். நான் எழுந்து நின்று, "யோவ், நீ அதைப் படிச்சியா?" என்று கேட்டேன். என் மகன் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். வெளியே வந்ததும், "உனக்கு வயசாயிடுச்சும்மா" என்றான்.

ஆகிவிட்டதுதான். அதனால் இதை அவனுக்கு எழுதவில்லை. என் வயதுக்காரர்களே, உங்களுக்கு எழுதுகிறேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, மருமகள் போட்ட டீயில் சர்க்கரை போதவில்லை என்று முனகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு. தொடர்கதையில் அடுத்து என்ன ஆகும் என்று ஒரு வாரம் முழுக்கச் சண்டை போட்டவர்கள் நீங்கள்தான். உங்களுக்குத்தான் இது புரியும்.

அத்தை என் அப்பாவுக்கு ஒரே தங்கை. அரூருக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. ஊரே "தங்கமான மனுசன்" என்றது. ஒரு நாள் அத்தை ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை. வலது காலில் கட்டு இருந்தது. கஞ்சி கொட்டிவிட்டது என்றார்கள். நாங்களும் கஞ்சி என்றே நம்பினோம். அதற்குப் பிறகு ஊரார் அவளுக்கு ஒரு பேர் வைத்தார்கள்: வாழாவெட்டி. எவ்வளவு அசிங்கமான சொல் பாருங்கள். புருஷனோடு இருந்தால்தான் வாழ்கிறாளாம். இல்லையென்றால் வாழவே இல்லையாம்.

அத்தையை நான் பூஜை பண்ணப் போவதில்லை. அவள் களி கிண்டினால் கட்டி கட்டியாக இருக்கும். குழந்தைகள் மேல் பெரிய பிரியமும் கிடையாது. "போய் வெளிய வெளையாடு" என்பதுதான் என்னிடம் அவள் அதிகம் பேசியது. வீட்டுக்குள்ளேயும் செருப்பு போட்டுக்கொண்டு நடப்பாள். அது திமிர் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா மட்டும் சொன்னதில்லை. அத்தை செய்ததிலேயே ஊருக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. காலையில் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போய், ஆண்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பர் படித்துக்கொண்டே டீ குடிப்பாள். அவள் உட்கார்ந்ததும் ஆண்கள் எல்லாம் எழுந்துவிடுவார்கள். அவமானப்பட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தார்கள். அத்தை காலை நீட்டி, கைப்பையைப் பக்கத்தில் வைத்து, முழு பெஞ்சையும் எடுத்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து டீக்கடைக்காரரே இரண்டாவது பெஞ்சு வாங்கிப் போட்டார்.

அந்தத் தகரப் பெட்டியை மடியில் வைத்து அதன் மேல் தாள் போட்டுத்தான் அவள் எழுதுவாள். பெட்டியின் மூடி நடுவில் கை பட்டுப் பட்டுப் பெயிண்ட் போய்ப் பளபளவென்று இருக்கும். மசி பட்ட இடம் நீலமாக இருக்கும். இப்போது அந்தப் பெட்டி இல்லை. என் தம்பி பொண்டாட்டி, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாள். கேட்டால், "துருப்பிடிச்சது அண்ணி" என்கிறாள். விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தங்க நிறப் பேனா வைத்து, "அவர் எழுதிய பேனா" என்று எழுதியிருந்தார்கள். அது யார் பேனாவோ.

சென்னை வார இதழ் ஒன்று அவளுடைய முதல் நாவலைத் தொடராகப் போட ஒப்புக்கொண்டது. புனைபெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். அவள் தன் பேரையே போடச் சொன்னாள். இனிஷியலும் தன் அப்பாவுடைய எழுத்து, புருஷனுடையது இல்லை. கதை ஒரு குமாஸ்தாவையும் அவன் மனைவியையும் பற்றியது. அந்தக் குமாஸ்தாவுக்குத் தன் புருஷன் பேரையே வைத்திருந்தாள். இது தெரிந்ததும் அப்பா குதித்தார்.

"அறிவு இருக்குதா உனக்கு? அவன் கேஸ் போட்டா யாரு கோர்ட்டுக்கு அலையறது?"

"வேற என்னா பேரு வெக்கறது?"

"ஊர்ல பேருக்கா பஞ்சம்? எதையாவது வெய்யி. எம் பேரை வேணா வெச்சிக்க, போ! ஆளை வுடு."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். சொன்னதை அன்றைக்கே மறந்துவிட்டார். அத்தை மறக்கவில்லை.

அப்பா பேர் தீர்த்தகிரி. நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு தீர்த்தகிரி இருப்பார். தீர்த்தமலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கெல்லாம் அந்தப் பேர்தான். இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிய தலைமுறை அது. அம்மா அதை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நம்பினாள். பேர் மட்டும் அல்ல, பேரில் வருகிற எழுத்துக்குக்கூடப் பயம். கோயிலில் தீர்த்தம் கேட்க மாட்டாள். "ஐயரே, அந்தச் சாமி தண்ணி கொஞ்சம் குடுங்க" என்பாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் அப்பா பேரைக் கேட்டிருக்கிறார். அம்மா, "அரூருக்குப் பக்கத்துல ஒரு மலை இருக்குதுங்களே, அந்த மலைச் சாமி பேருங்க" என்றிருக்கிறாள். வெளியூர் வாத்தியார். "மலைச்சாமி" என்று எழுதிவிட்டார். இன்றைக்கும் என் இனிஷியல் 'ம' தான். ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு எல்லாவற்றிலும் நான் இல்லாத ஒரு மலைச்சாமியின் மகள்.

தொடர் வந்தது புளிக்காலத்தில். சாலையோரப் புளியமரங்களை அப்பா குத்தகைக்கு எடுத்திருந்தார். மாசி பிறந்தால் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டாயில் புளி மலையாகக் குவியும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டையால் தட்டி ஓட்டை உடைப்பார்கள், நாரை உருவுவார்கள், கொட்டையை எடுப்பார்கள். அந்தத் தூசி மூக்கில் ஏறினால் நாள் முழுக்கத் தும்மல். விரல் இடுக்கெல்லாம் பிசுபிசுப்பு. வெட்டுக்காயம் இருந்தால் உயிர் போகும். ஆனால் அந்தப் புளிப்பு வாசனை வெயிலில் காய்ந்து ஒரு மாதிரி இனிப்பாக மாறும் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வாயில் எச்சில் ஊறுகிறது. நாங்கள் சின்னப் பிள்ளைகள் புளியை உருட்டி, உப்பும் மிளகாயும் வைத்து, ஈர்க்குச்சியில் செருகிச் சப்புவோம். பல் கூசிப்போய்ச் சாயங்காலம் சோறு மெல்ல முடியாது. சந்தோஷமாக இருந்தோம். அதையும் சொல்ல வேண்டும் இல்லையா.

அந்தக் கொட்டாயில் நன்றாக எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் அம்மா மட்டும்தான். எட்டாவது வரை படித்தவள். இதழ் பஸ் கண்டக்டர் மூலம் தருமபுரியிலிருந்து வரும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து சத்தமாகப் படிப்பாள். மற்றவர்கள் தட்டிக்கொண்டே கேட்பார்கள்.

முதல் வாரமே முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, கண்ணு தெரியலியா?" என்று கேட்டாள் மேட்டுத்தெருக் கிழவி. எல்லோரையும்விட வாய் அவளுக்குத்தான் அதிகம்.

"இல்ல ஆயா. கதையில புருசனுக்கு எங்க வூட்டுக்காரரு பேரு வெச்சிருக்குது இந்தப் புள்ள."

"அடி ஆத்தீ! அப்பறம் எப்பிடிப் படிப்ப?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு பேர் வருகிற இடத்தில் எல்லாம் "அவரு" என்று போட்டுப் படிக்க ஆரம்பித்தாள். அதோடு நிற்கவில்லை. அத்தை "வந்தான், போனான்" என்று எழுதியிருந்தாள். அப்பா பேருள்ளவரை எப்படி 'ன்' போட்டுச் சொல்வது? எல்லாவற்றுக்கும் மரியாதை போட்டாள். "தீர்த்தகிரி சோற்றுத் தட்டை எட்டி உதைத்தான்" என்று அச்சில் இருக்கும். அம்மா, "அவரு சோத்துத் தட்டை எட்டி ஒதைச்சாரு" என்று படிப்பாள்.

"மருவாதியாத்தான் ஒதைச்சிருக்காரு" என்பாள் கிழவி.

"அப்பறம் கன்னத்துல அறையறாரு ஆயா."

"அறையட்டும். பெரிய மனுசரு, அறையாம என்னா பண்ணுவாரு."

சிரிப்பு அடங்க நேரமாகும். அடங்கியதும் எல்லோரும் குனிந்து தட்டுவார்கள். கட்டைச் சத்தம் மட்டும் கேட்கும். அப்போது எனக்கு அது புரியவில்லை. அந்தக் குமாஸ்தா ஒவ்வொருத்தி வீட்டிலும் இருந்தான். அம்மாவை வாயில்லாப் பூச்சி என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாற்பது வயதுக்கு மேல்தான் யோசித்தேன்: அவள் அந்த "அவரு"வை எவ்வளவு ருசித்துப் படித்தாள்! அப்பா அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. ஆனால் ஒரு நாளும் எதையும் அவளைக் கேட்டுச் செய்ததும் இல்லை. அவளுக்கும் சேர்த்து வைத்த கணக்கு ஏதோ இருந்திருக்கும்.

அம்மா பிறந்தது பென்னாகரத்துப் பக்கம். அந்த ஊர்க்காரி ஒருத்தி, எங்கள் ஊரில் கட்டிக் கொடுத்திருந்த மகளைப் பார்க்க வந்தவள், பொழுது போகாமல் இரண்டு நாள் கொட்டாயில் வந்து புளி தட்டினாள். நடுவில் வந்தவள். கதை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா கையில் இருந்த இதழையும் அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. அந்த வாரம் வந்தது, குமாஸ்தா கரண்டியைக் காய்ச்சி மனைவியின் காலில் சூடு வைக்கும் அத்தியாயம். என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவரு காலைப் புடிச்சி இழுத்தாரு. அவரு கரண்டிய வெச்சி அழுத்தினாரு" என்று சொல்வதை அவள் கேட்டாள். புருஷன் இருக்கிற பெண் "அவரு" என்றால் யார்? ஊர் உலகத்தில் ஒரே ஆள்தானே.

அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் மத்தியானம் என் இரண்டு மாமன்களும் வந்து இறங்கினார்கள். பெரிய மாமன் தலையில் துண்டுக் கட்டு. சின்ன மாமன் கையில் மாடு ஓட்டும் கோல். அப்பா கிணற்றடித் தொட்டியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க மச்சான்" என்று சிரித்தார். சின்ன மாமன் அவரை அப்படியே தொட்டிக்குள் தள்ளினார். பிறகு இரண்டு பேரும் ஈரம் சொட்டச் சொட்ட அவரைக் கொட்டாய்க்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"பாப்பா, காலைக் காட்டு!" என்றார் பெரிய மாமன் அம்மாவிடம்.

"எதுக்குண்ணா? அவர ஏன் இப்பிடி..."

"காட்டுன்னா காட்டு. சூடு வெச்ச காலு எது?"

"யாருக்குண்ணா சூடு?"

"மறைக்காத. நீ ஊரைக் கூட்டி வெச்சி அழுவறேன்னு சேதி வந்துச்சி. அவரு கரண்டிய காய்ச்சினாரு, அவரு அழுத்தினாருன்னு."

"ஐயோ, அது கதைண்ணா!"

"யார் கதை?"

"அவரு கதை."

"கேட்டியா!" என்று சின்ன மாமன் அப்பாவின் கழுத்தைப் பிடித்தார்.

"எங்க அவரு இல்லண்ணா! அது வேற அவரு."

"உனக்கு எத்தினி அவரு?"

பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். மேட்டுத்தெருக் கிழவி அடைக்கக்கூட இல்லை, வாய்விட்டே சிரித்தாள். அம்மா இரண்டு காலையும் நீட்டிக் காட்டினாள். பித்த வெடிப்பும் புளிக்கறையும்தான் இருந்தன. பிறகு இதழை எடுத்து நீட்டினாள். மாமன்களுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பா அதுவரை அந்தக் கதையைப் படித்ததில்லை. அவருக்கு எழுத்துக் கூட்டவே நேரமாகும். தலையிலிருந்து தண்ணீர் தாளில் சொட்ட, விரல் வைத்துப் படித்தார்.

"தீ... தீர்த்... தீர்த்தகிரி கரண்டியை அடுப்பில்..." நிறுத்தினார். மறுபடி விரலைப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். "இதென்னாடி இது? எம் பேரு!"

சத்தம் கேட்டு அத்தை வந்து நின்றாள். "நீதாண்ணா வெச்சிக்கன்னு சொன்ன."

"நான் எப்ப சொன்னேன்?"

"மாடு கட்டற எடத்துல நின்னுகிட்டு சொன்ன. எம் பேரை வேணா வெச்சிக்க, ஆளை வுடுன்ன."

பெரிய மாமனுக்குத் தான் முட்டாளாகிவிட்டது உறைத்தது. அந்தக் கோபத்தை யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டும். "அப்ப இதெல்லாம் இட்டுக்கட்டினது. யாருக்கும் எவனும் சூடு வெக்கல. வேலவெட்டி இல்லாம ஒருத்தி எழுதிப் போட்டுட்டு..."

அத்தை வலது செருப்பைக் கழற்றினாள். பாதத்தைத் தூக்கிப் புளி மூட்டை மேல் வைத்தாள்.

"நீங்க தேடி வந்த காலு இதாங்க" என்றாள்.

செருப்பு வார் மறைத்திருந்த இடத்தில் தழும்பு வட்டமாக, விளிம்பு தடித்து, நடுவில் மினுமினுப்பாக இருந்தது.

"கஞ்சி கொட்டிடுச்சின்னு சொன்னாங்க" என்றாள் கிழவி, மெதுவாக.

"கஞ்சி கரண்டி மாதிரியா கொட்டும் ஆயா?"

அப்பா அந்தக் காலையே பார்த்தபடி நின்றார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். என் அம்மாவுக்குக் காயமே இல்லாத காலுக்காக இரண்டு பேர் கோலோடு பஸ் ஏறி வந்தார்கள். அத்தை காயத்தோடு வந்து ஒரு வருஷம் ஆகிறது. அவளுக்கும் ஒரு அண்ணன் இருந்தார். அவர் அரூருக்குப் போய் யார் கழுத்தையும் பிடிக்கவில்லை. கட்டை அவிழ்த்துக் காட்டு என்றுகூடச் சொல்லவில்லை.

இதோடு எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. கோழி அடித்துச் சோறு போட்டார்கள். மாமன்கள் சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்ததும் பேச்சு வேறு பக்கம் போனது. கடைசி அத்தியாயத்தை அத்தை எழுதி முடித்திருந்தாள், இன்னும் அனுப்பவில்லை. அதில் அந்த மனைவி புருஷனை விட்டுப் போகிறாள். இது தெரிந்ததும் பெரிய மாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாதிக் கதை அச்சாயிடுச்சி, இனிமே பேரை மாத்த முடியாது. சரி. ஆனா முடிவுல அவ புருசங்கிட்ட வந்துடணும். மாப்ள பேரு போட்டிருக்குது. பொண்டாட்டி ஓடிப்போயிட்டான்னு எல்லா ஊர்லயும் படிச்சா எங்க தங்கச்சிக்குத்தான் அசிங்கம்."

"எனக்கும்தான்" என்றார் அப்பா. "ஏம்மா, எங்கிட்ட திரும்பி வந்தாத்தான் என்னா?"

"அவ உன் பொண்டாட்டி இல்லண்ணா. கதையில வர பொம்பளை."

"எம் பேரு போட்டவன் பொண்டாட்டி. ரெண்டும் ஒண்ணுதான்."

பிறகு அப்பா குரலை இறக்கிச் சொன்னார். அத்தையின் புருஷன் வீட்டாரும் வாரா வாரம் படிக்கிறார்களாம். கதையை நல்லபடியாக முடித்தால், நடந்ததை மறந்து அவளைக் கூட்டிப்போக வருகிறோம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். அத்தைக்கு அப்போதுதான் முழுதும் புரிந்தது. அவள் கதையில் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினால், நிஜத்தில் இவளும் போக வேண்டும்.

"அவ வர மாட்டாண்ணா" என்றாள். "நானும் போவ மாட்டேன்."

"அப்ப இந்த வூட்ல உனக்கு இடம் இல்ல." அந்தக் காலைப் பார்த்த பிறகும் அப்பா இதைச் சொன்னார். கெட்டவர் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்கிற பயம் அவருக்கு. அந்தப் பயம் பிடித்தவன் கெட்டவன் செய்வதையெல்லாம் செய்வான்.

மறுநாள் காலை மாமன்கள் போய்விட்டார்கள். உள்ளே அத்தை தகரப் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே போவாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அப்பா களி சாப்பிட உட்கார்ந்தார். அம்மா உருண்டையைத் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றி, நின்றபடியே பேசினாள்.

"அவ போறதுன்னா போவட்டும். நான் கதைய மொதல்ல இருந்து மறுபடி படிக்கப் போறேன்."

"படியேன். யாரு வேணாங்கறாங்க."

"பேரைச் சொல்லிப் படிக்கப் போறேன்."

அப்பாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "எந்தப் பேரை?"

"எழுதியிருக்கற பேரைத்தான். எத்தினி எடத்துல இருக்குதோ அத்தினி எடத்துலயும். 'ன்' போட்டே படிக்கறேன். வந்தான், போனான், ஒதைச்சான்னு."

"அடியே! ஒரு பக்கத்துக்குப் பத்து எடத்துல வருமேடி!"

"வரும். நானா எழுதினேன்?"

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று பார்த்திருப்பார். அம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமினாள். "தீ..." என்று ஆரம்பித்தாள்.

"நிறுத்துடி!"

பாதிக் களியில் கையைக் கழுவிவிட்டு அப்பா எழுந்து உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். பெட்டியின் மூடியை அவரே சாத்தினார். "எங்க அந்தக் கடைசிப் பாகம்? குடு. தருமபுரிக்குத்தான் போறேன், தபால்ல போட்டுட்டு வரேன்" என்றார்.

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நானும் வரேன்" என்றாள். அவள் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் போனார்கள். கவர் தபால் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவள் அந்த இடத்தை விட்டு நகர்ந்தாளாம். அப்பாவே பிறகு சிரித்துக்கொண்டு சொல்வார்.

அவள் அதற்குப் பிறகு நிறைய எழுதினாள். பேர் வாங்கினாள், வசவும் வாங்கினாள். எங்கள் வீட்டிலேயே இருந்தாள், களியைக் கட்டி கட்டியாகவே கிண்டினாள், கடைசியில் அப்பாவுக்கு முடியாமல் போனபோது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டினாள். தூணாக நின்ற குடும்பம் என்று சொல்கிறவர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். தூண் தானாக நிற்கவில்லை. என் அம்மாதான் அதன் கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

கடைசி அத்தியாயம் வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். புளி முடிகிற சமயம். கொட்டாயில் குவியல் கரைந்து தரை தெரிந்தது. ஒரு மூலையில் அப்பா தராசு கட்டி மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒருத்தியும் கட்டையைத் தொடவில்லை. தன் கதையைப் படிக்கும்போது பக்கத்திலேயே வராத அத்தை, அன்று வந்து கம்பத்தில் சாய்ந்து நின்றாள். அந்த மனைவி இடுப்பில் பிள்ளையோடு வாசல்படி தாண்டுகிறாள். புருஷன், "இப்போது போனால் திரும்பி வர முடியாது" என்கிறான். அவள் நின்று திரும்புகிறாள்.

அம்மா நிறுத்திவிட்டாள்.

"என்னா ஆச்சி? போறாளா இல்லியா?" என்றாள் கிழவி.

"போறா ஆயா. போறப்ப ஒண்ணு சொல்றா."

"என்னா சொல்றா?"

"புருசன் பேரைச் சொல்றா. மூஞ்சிக்கு நேரா, பேரைச் சொல்லிக் கூப்பிடறா."

பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அம்மா தாளைப் பார்த்தாள். "அவரே..." என்று ஆரம்பித்தாள். சரிப்படவில்லை. இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அத்தை ஒன்றும் உதவவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள், விலக்கினாள்.

தராசுப் பக்கத்திலிருந்து அப்பா திரும்பாமலே சொன்னார்:

"தீர்த்தகிரி."

அம்மா நிமிர்ந்து அவர் முதுகைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்து, அதுவரைக்கும் நான் கேட்டிராத உரத்த குரலில் மீதியைப் படித்தாள்:

"கதவைச் சாத்திக்கோ!"

முற்றும் என்று போட்டிருந்தது. கிழவிதான் கேட்டாள்:

"சாத்திக்கிட்டானா?"

"சாத்திக்கிட்டான், சாத்திக்கிட்டான்" என்றார் அப்பா, அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றிக்கொண்டே. "புளியப் பாருங்க."